வாசலுக்கும் அறைக்கும் நடுவே

வால்ட் டிஸ்னி வேர்ல்டு போவது என்று முடிவானதும் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் செய்வது ஹோட்டல் விலைகளை ஒப்பிடுவதுதான். ஆர்லாண்டோ என்று தட்டினால் நூற்றுக்கணக்கில் வந்து விழும். ஒன்றில் ‘டிஸ்னியிலிருந்து 3 மைல்’ என்று போட்டிருக்கும், விலையும் பாதியாக இருக்கும். உடனே பணம் கட்டிவிடுவார்கள். அந்த மூன்று மைலை எந்தப் பூங்காவின் எந்த வாசலிலிருந்து அளந்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. டிக்கெட் வகை, சாப்பாட்டுத் திட்டம், எந்த மாதம் போவது என்பவை எல்லாம் பிறகு. பூங்கா எப்படி வரையப்பட்டிருக்கிறது, உங்கள் அறை அதன் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற இரண்டும்தான் உங்கள் விடுமுறை எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே பணம் கட்டுமுன் வரைபடத்தோடு அரை மணி நேரம் உட்காருங்கள்.

முதலில் பரப்பளவு மனதில் பதிய வேண்டும். வால்ட் டிஸ்னி வேர்ல்டு ஏறக்குறைய 25,000 ஏக்கர், அதாவது சுமார் 40 சதுர மைல். அதற்குள் நான்கு தீம் பார்க்குகள் இருக்கின்றன: 1971-ல் திறந்த மேஜிக் கிங்டம், 1982-ல் திறந்த எப்காட், 1989-ல் வேறு பெயரில் தொடங்கிய ஹாலிவுட் ஸ்டூடியோஸ், 1998-ல் திறந்த அனிமல் கிங்டம். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிப் பார்க்கிங். நடுவே காடும் சதுப்பு நிலமும் கால்வாயும் நெடுஞ்சாலையும். அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி ஹோட்டலில் பால்கனிக்குக் கீழே ஒட்டகச்சிவிங்கி மேயும். அந்தக் காட்சிக்காகவே அங்கே தங்கலாம், நியாயமான ஆசை. ஆனால் மேஜிக் கிங்டம் நிலத்தின் மறுகோடியில் இருக்கிறது. பெயரில் ஒட்டியிருக்கும் அனிமல் கிங்டத்துக்குக்கூட நடந்து போக முடியாது, பஸ்தான். ‘டிஸ்னிக்குள்ளேயே தங்குகிறோம்’ என்பதால் பூங்கா பக்கத்தில் இருக்கிறது என்று ஆகிவிடாது.

இவ்வளவு விரிந்த நிலம் ஏன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு, அது உங்கள் ஹோட்டல் தேர்வையும் தொடும். கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தபோது வால்ட் டிஸ்னியின் கையில் இருந்தது சுமார் 160 ஏக்கர். பூங்காவைக் கட்டிய செலவில், சுற்றியிருந்த நிலத்தை வாங்க அவரிடம் பணம் மிஞ்சவில்லை. சில ஆண்டுகளில் மோட்டல்களும் உணவகங்களும் பளிச்சிடும் பெயர்ப்பலகைகளும் பூங்காவின் வேலி வரை நெருக்கிக்கொண்டு வந்துவிட்டன. வந்தவர்கள் இரவுக்குச் செலவழித்த பணம் பக்கத்துக்காரர்களுக்குப் போனது. பூங்காவுக்குள் அவர் உருவாக்கிய உலகம் வாசலைத் தாண்டியதும் கலைந்தது. அந்த வருத்தத்தில்தான் அறுபதுகளில் ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில், வாங்குவது யார் என்று வெளியே தெரியாமல், வேறு வேறு நிறுவனப் பெயர்களில் 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். சுற்றிலும் என்ன இருக்க வேண்டும் என்பதை இனி டிஸ்னியே முடிவு செய்யும் என்பது திட்டம். 1966-ல் வால்ட் இறந்துவிட்டார், திட்டம் நின்றுவிடவில்லை.

இதனால் இரண்டு ஊர்களுக்கும் நேர்மாறான ஆலோசனை சொல்ல வேண்டியிருக்கிறது. வால்ட்டைச் சங்கடப்படுத்திய அந்த மோட்டல் வரிசை இன்றும் அனஹைமில் ஹார்பர் புலவார்டில் இருக்கிறது, பயணிக்கு அது பெரிய வரம். சாலையைக் கடந்தால் வாசல். அங்கே ஒரு சாதாரண மோட்டலில் தங்கி ஐந்து, பத்து நிமிடத்தில் நடந்தே போய்விடலாம். டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் சிலவற்றிலிருந்து அதைவிட அதிகமாக நடக்க வேண்டியிருக்கும். டிஸ்னிலேண்டின் வாசலும் 2001-ல் வந்த கலிஃபோர்னியா அட்வென்ச்சர் என்ற பூங்காவின் வாசலும் ஒரு திடலின் இருபுறமும் எதிரெதிரே இருக்கின்றன. காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று என்று போவது அங்கே எளிது. கலிஃபோர்னியா அட்வென்ச்சருக்குள் நேரே திறக்கும் தனி வாசல் உள்ள கிராண்ட் கலிஃபோர்னியன் ஹோட்டலுக்கு மட்டும் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. மற்றபடி அனஹைமில் வெளியே தங்கி மிச்சப்படுத்துங்கள். ஃப்ளோரிடாவில் அதே வழியைப் பின்பற்றினால் மிச்சப்படுத்திய பணத்தை நேரமாகத் திருப்பிக் கொடுப்பீர்கள்.

எப்படி என்பதை மேஜிக் கிங்டத்தில் பாருங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் எல்லோரும் முதலில் போக விரும்புவது இங்கேதான். போய்ச் சேரச் சிரமமான பூங்காவும் இதுதான். காரில் வருபவர் நிறுத்தும் இடம் பூங்கா வாசலில் இல்லை. சுமார் ஒரு மைலுக்கு அப்பால் ‘டிரான்ஸ்போர்ட்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டர்’ என்ற இடத்தில் இருக்கிறது. நடுவே மனிதர்கள் வெட்டிய ஏரி, செவன் சீஸ் லகூன். காரை நிறுத்தி, அந்த மையத்துக்கு வந்து, பாதுகாப்புச் சோதனை முடித்து, அதன் பிறகு மோனோரயிலோ பெரிய படகோ ஏறித்தான் வாசலைத் தொட வேண்டும். வெளி ஹோட்டல்களின் வேன்களும் பொதுவாக இங்கேயே இறக்கிவிடுகின்றன. ஏரியைக் கடக்கையில் பூங்காவின் நடுவே நிற்கும் கோட்டை மெல்ல மெல்ல நெருங்கி வருவது அழகான அனுபவம். வழக்கமான உலகத்தை விட்டு வருகிறோம் என்று தோன்ற வேண்டும் என்றே அப்படி அமைத்தார்கள். முதல் நாள் காலையில் அந்த அழகு தெரியும். இரவு வாணவேடிக்கை முடிந்து, தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதே படகு வரிசையில் நிற்கும்போது தெரியாது.

டிஸ்னியின் சொந்த ஹோட்டல் பஸ்கள் அந்த மையத்தில் நிற்காமல் மேஜிக் கிங்டத்தின் வாசலருகே கொண்டுவந்து விடுகின்றன. விலை குறைந்த டிஸ்னி ஹோட்டலில் தங்கினாலும் இந்தச் சலுகை உண்டு. ஏரிக்கரை ஹோட்டல்களுக்கு இன்னும் நல்ல இடம் கிடைத்திருக்கிறது. கன்டெம்பரரியிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வாசல். கிராண்ட் ஃப்ளோரிடியனிலிருந்தும் 2020 முதல் நடைபாதை இருக்கிறது. பாலினேசியன் அந்த டிக்கெட் மையத்தை ஒட்டியே இருப்பதால், எப்காட்டுக்குப் போகும் மோனோரயிலை நடந்தே பிடிக்கலாம். மற்ற இரண்டு ஹோட்டல்களிலிருந்து வருபவர்கள் எப்காட்டுக்கு இங்கே வந்து வண்டி மாற வேண்டும். வில்டர்னஸ் லாட்ஜுக்கும் ஃபோர்ட் வில்டர்னஸ் முகாமுக்கும் படகு ஓடுகிறது. ஏரிக்கரையில் அறை வாடகை மிக அதிகம், உண்மைதான். ஆனால் எழுபது வயது அம்மா அப்பாவும் மூன்று வயதுப் பிள்ளையும் கூட வருகிறார்கள் என்றால், எல்லா நாட்களுக்கும் முடியாவிட்டாலும் மேஜிக் கிங்டம் போகும் நாட்களுக்காவது இங்கே தங்குவது பற்றி யோசியுங்கள்.

உள்ளே நுழைந்த பிறகு

மேஜிக் கிங்டத்தின் வடிவம் சைக்கிள் சக்கரம் போன்றது. வாசலிலிருந்து மெயின் ஸ்ட்ரீட் என்ற ஒரே தெரு நடுவட்டத்துக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து ஆரங்களாக அட்வென்ச்சர்லேண்ட், லிபர்ட்டி ஸ்கொயர், ஃபேன்டசிலேண்ட், டுமாரோலேண்ட் எல்லாம் பிரிகின்றன. நேரே 189 அடி உயரக் கோட்டை. அனஹைம் கோட்டை வெறும் 77 அடிதான். கண்ணுக்குத் தெரியும் ஒரு பெரிய உருவத்தை நோக்கி மனிதர்கள் தாமாகவே நடப்பார்கள் என்பதை வால்ட் நன்றாக அறிந்திருந்தார். யாரும் வழிகாட்டாமலே கூட்டம் நகர்வது அதனால்தான். எங்கே தொலைந்தாலும் கோட்டையைப் பார்த்து நடுவட்டத்துக்கு வந்துவிடலாம், ஆகவே குழந்தைகளிடம் சந்திக்கும் இடமாக அதைச் சொல்லி வையுங்கள். கூட்டத்தில் ‘கோட்டை முன்பு’ என்பது போதாது, ஒரு குறிப்பிட்ட கடையின் வாசலைக் காட்டிச் சொல்லுங்கள்.

நடுவட்டத்தை வழி கண்டுபிடிக்கத்தான் பயன்படுத்த வேண்டும், நடந்து தீர்க்க அல்ல. ஒரு பகுதி முடிந்ததும் மறுபடி நடுவட்டத்துக்கு வந்து அடுத்த ஆரத்தில் நுழைபவர்கள் ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்ப நடக்கிறார்கள். பகுதிகள் பின்பக்கமாகவும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. டுமாரோலேண்டிலிருந்து ஃபேன்டசிலேண்ட், அதிலிருந்து லிபர்ட்டி ஸ்கொயர், பிறகு ஃபிரான்டியர்லேண்ட் என்று சக்கரத்தின் விளிம்பிலேயே சுற்றி வாருங்கள். டிஸ்னி ஹோட்டல்களில் தங்குபவர்களுக்கு எந்தப் பூங்காவிலும் தினமும் 30 நிமிடம் முன்னதாக நுழையும் உரிமை உண்டு. மேஜிக் கிங்டத்தில் அந்த அரை மணி நேரம் ஃபேன்டசிலேண்டும் டுமாரோலேண்டும் மட்டுமே திறந்திருக்கும். பீட்டர் பேன், செவன் ட்வார்ஃப்ஸ் ரயில் போன்றவற்றுக்குப் பகல் முழுக்க நீண்ட வரிசை நிற்கும், அவற்றில் ஒன்றிரண்டை அப்போதே முடித்துவிடலாம். பொதுமக்களுக்குத் திறக்கும் நேரத்தில் மேற்குப் பக்கம் நகர்ந்துவிட்டால் கூட்டம் உங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும். ஆனால் அரை மணி முன்பே உள்ளே இருக்க, அதற்கும் அரை மணி முன்பே வாசலில் இருக்க வேண்டும். நடக்கும் தொலைவில் அறை இருப்பவருக்கு அது எளிது. பஸ்ஸை நம்பியிருப்பவர் விடிகாலையிலேயே பிள்ளைகளைக் கிளப்ப வேண்டியிருக்கும்.

நீங்கள் நடக்கும் அந்தத் தெருக்கள் உண்மையில் இரண்டாம் தளம். ஃப்ளோரிடாவில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் பள்ளம் தோண்ட முடியாது. எனவே ஊழியர்களுக்கான சுரங்கப்பாதைகளைத் தரைமட்டத்தில் கட்டி, ஏரி வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பி, மேலே பூங்காவைக் கட்டினார்கள். வேடமிட்டவர்கள் தங்கள் பகுதிக்கு வெளியே கண்ணில் படாமல் போய்வருவதற்கான ஏற்பாடு அது.

எப்காட்டில் இந்தச் சக்கரக் கணக்கு செல்லாது. அதன் பின்பாதியான வேர்ல்டு ஷோகேஸில் 11 நாடுகளின் அரங்குகள் ஒரு ஏரியைச் சுற்றி நிற்கின்றன. சுற்றிவரும் பாதை சுமார் 1.2 மைல். படகைத் தவிர குறுக்குவழி கிடையாது. மெக்சிகோவில் தொடங்கி ஜப்பானுக்கு வருவதற்குள் வெயிலில் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். பாதித் தூரத்தில் ‘போதும், திரும்பிவிடலாம்’ என்று சொன்னாலும் திரும்பிப் போகும் தூரம் முன்னே போகும் தூரத்துக்குச் சமமாக இருக்கும். ஆகவே ஏரியைச் சுற்றுவதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்காட்டுக்கு இரண்டு வாசல்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய வெள்ளிக் கோளம் நிற்கும் முன்வாசல் ஒன்று. பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே இருக்கும் இன்டர்நேஷனல் கேட்வே மற்றொன்று. போர்ட்வாக், பீச் கிளப், யாட் கிளப், ஸ்வான், டால்ஃபின் ஹோட்டல்கள் இந்தப் பின்வாசலுக்கு நடக்கும் தொலைவில் இருக்கின்றன. அதே ஹோட்டல்களிலிருந்து மறுபக்கம் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் நடந்தோ படகிலோ போகலாம். ஒரே அறையிலிருந்து இரண்டு பூங்காக்களுக்குக் கால்நடையாகப் போகும் வசதி வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இங்கு மட்டும்தான். நடை பிடித்தவர்களுக்கும், குழந்தைகள் கொஞ்சம் வளர்ந்துவிட்ட குடும்பத்துக்கும் நான் முதலில் சொல்வது இந்த வட்டாரத்தைத்தான். மாலையில் ஏரிக்கரையில் சாப்பிட்டுவிட்டு, பஸ் எதற்கும் காத்திராமல் அறைக்கு நடந்து வருவது பூங்காவின் எந்த ரைடுக்கும் குறையாத சுகம்.

2019 செப்டம்பரில் ஸ்கைலைனர் என்ற கம்பிவடப் பெட்டிகள் ஓடத் தொடங்கியபோது நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு ஒரு நல்ல வழி பிறந்தது. பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஆகிய விலை குறைந்த ஹோட்டல்களிலிருந்தும், கரீபியன் பீச், ரிவியேரா ஆகியவற்றிலிருந்தும் எப்காட்டின் பின்வாசலுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் இதில் போகலாம். கட்டணம் இல்லை. பெட்டிகள் தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதால் பஸ் நேரம் பார்க்கும் தொல்லையும் இல்லை. பஸ்ஸில் ஏறினால் குழந்தையை இறக்கி, பைகளைக் கழற்றி, தள்ளுவண்டியை மடிக்க வேண்டும். இதில் பெரும்பாலான வண்டிகளை அப்படியே உருட்டி ஏற்றிவிடலாம். குளிர்சாதனம் கிடையாது, காற்றோட்டம் மட்டும்தான். இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள். ஃப்ளோரிடாவின் கோடையில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் அந்த நேரத்துக்கு மாற்று வழியாக பஸ்ஸை மனதில் வைத்திருங்கள்.

ஹாலிவுட் ஸ்டூடியோஸின் அமைப்பு சீராக இல்லை. பழைய ஸ்டூடியோவின் மீது புதிய பகுதிகள் ஒட்டுப்போட்டு வளர்ந்ததால் முட்டுச்சந்துகள் உண்டு. 2019-ல் வந்த ஸ்டார் வார்ஸ் பகுதி பூங்காவின் உள்கோடியில் இருக்கிறது, ஒரு நாளில் ஒருமுறை மட்டும் அங்கே போகும்படி திட்டமிடுங்கள். அனிமல் கிங்டம் பரப்பில் பெரியது. நடுவில் பெரிய மரம், பின்கோடியில் ஆப்பிரிக்க சஃபாரி. காலையிலேயே சஃபாரிக்குப் போவது நல்லது, வெயில் ஏறியதும் விலங்குகள் நிழல் தேடிப் போய்விடும்.

பிற்பகல் இரண்டு மணி

ஹோட்டல் எங்கே இருக்கிறது என்பதன் உண்மையான சோதனை காலையிலும் இல்லை, இரவிலும் இல்லை. அது பிற்பகல் இரண்டு மணிக்கு வரும். வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்து அழுத்தும், எல்லா வரிசைகளும் உச்சத்தில் இருக்கும், குழந்தை சிணுங்கத் தொடங்கும். அப்போது அறைக்குப் போய்க் குளித்து, கொஞ்சம் தூங்கி, ஐந்து மணிக்குத் திரும்பி வரும் குடும்பம் இரவு வாணவேடிக்கை வரை மகிழ்ச்சியாக இருக்கிறது. திரும்ப முடியாத குடும்பம் ஏதோ ஒரு கடையின் குளிரில் சுருண்டு உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் முகம் சுளித்து, ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறது. டிக்கெட்டுக்கு இரண்டு குடும்பங்களும் ஒரே பணம்தான் கட்டியிருக்கின்றன. வெளி ஹோட்டலில் தங்கி மேஜிக் கிங்டம் போனவர்களுக்கு, படகு, பார்க்கிங், சாலை என்று போய்வரவே ஓய்வு நேரம் கரைந்துவிடும்.

எனவே ஒரு ஹோட்டலை மதிப்பிடும்போது மைல் கணக்கைத் தள்ளி வையுங்கள். அறைக் கதவிலிருந்து பூங்காவின் டிக்கெட் வாசல் வரை எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும், எத்தனை இடத்தில் காத்திருக்க வேண்டும் என்று எண்ணுங்கள். இதில் அறைக் கதவு என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். கரீபியன் பீச், கொரொனாடோ ஸ்பிரிங்ஸ் போன்ற ஹோட்டல்கள் ஏரியைச் சுற்றிப் பரந்து கிடக்கின்றன. உள்ளேயே பல பஸ் நிறுத்தங்கள் இருப்பதால் பஸ் எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும். கடைசிக் கட்டடத்தில் அறை கிடைத்தால் காலை உணவுக்கே நீண்ட நடை. பாப் செஞ்சுரியில் ஒரே நிறுத்தம். இணையத்தில் செக்-இன் செய்யும்போது ‘போக்குவரத்துக்கு அருகில்’ அறை வேண்டும் என்று கேட்டு வையுங்கள். உறுதி தரமாட்டார்கள், ஆனாலும் கேட்பவர்களுக்குக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

பெரியவர்களுக்காக இன்னொன்று. பூங்கா வாசலில் வாடகைக்குக் கிடைக்கும் சக்கர நாற்காலியை அந்தப் பூங்காவுக்குள்தான் பயன்படுத்தலாம், ஹோட்டலுக்கு எடுத்துப் போக முடியாது. பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரையிலான நடையும், ஹோட்டலுக்குள் இருக்கும் நடையும் அவர்கள் காலில்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால், ஹோட்டலுக்கே கொண்டுவந்து தரும் வாடகை நிறுவனங்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ‘அவ்வளவு தூரமெல்லாம் நடக்க வேண்டியிருக்காது’ என்று பெரியவர்களைச் சமாதானப்படுத்தி அழைத்துப் போகாதீர்கள். ஒரு நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் நடப்பது இங்கே சாதாரணம்.

வெளியே தங்குவதே சரி என்ற குடும்பங்களும் உண்டு. எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து போகிறீர்கள், சோறு வடித்து ரசம் வைக்கச் சமையலறை வேண்டும், கையில் வாடகைக் கார் இருக்கிறது என்றால் கிஸ்ஸிம்மி பக்கத்தில் ஒரு முழு வீட்டையே எடுத்துவிடலாம். அப்படி எடுத்தால் பிற்பகல் ஓய்வை மறந்து, ஒரு நாள் முழுக்கப் பூங்கா, மறுநாள் வீட்டில் ஓய்வு என்று மாற்றி மாற்றித் திட்டமிடுங்கள். தினப் பார்க்கிங் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள், டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்குப் பூங்காப் பார்க்கிங் இலவசம்.

ஆர்லாண்டோவிலேயே இருக்கும் யூனிவர்சல் பூங்காக்களையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே ஒரே ஹோட்டல் எடுக்க நினைப்பார்கள். அப்படிச் செய்தால் இரண்டுமே தூரமாகிவிடும், ஐ-4 நெடுஞ்சாலை நெரிசலில் காலை நேரம் போய்விடும். பிரித்துத் தங்குங்கள். யூனிவர்சலின் பழைய இரண்டு பூங்காக்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஹார்டு ராக், ராயல் பசிஃபிக், போர்ட்டோஃபினோ பே ஆகிய மூன்று ஹோட்டல்களிலிருந்தும் நடந்தோ படகிலோ போகலாம். இந்த மூன்றிலும் தங்குபவர்களுக்கு வரிசையைத் தவிர்க்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் அறை வாடகையிலேயே அடக்கம். அது வந்து சேரும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் செல்லும் என்பதால், ஒரே இரவு தங்கினாலும் இரண்டு நாள் பயன்படும். காலையிலேயே போய்ப் பெட்டிகளை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு நேரே பூங்காவுக்குப் போய்விடுங்கள், அறை மாலையில் கிடைத்தால் போதும். 2025 மே 22 அன்று திறந்த புதிய பூங்காவான எபிக் யூனிவர்ஸ் மட்டும் சில மைல் தள்ளித் தனியாக இருக்கிறது, அங்கே இந்த இலவச எக்ஸ்பிரஸ் பாஸ் செல்லாது.